மாடிக்கு ஒரு மீட்டர்

அய்யாதுரை வீட்டுக்குக் கரண்ட் பில் வந்த நாளைப் போன வாரம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். படிக்காதவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி நடத்தும் அய்யாதுரைக்கும் செல்லக்கனிக்கும் ஒரே பிள்ளை மணிகண்டராஜ். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் சேல்ஸ் மேனேஜர். அவன் மனைவி கீர்த்திகா சாத்தூர்ப் பெண். மாடி அறையில் கம்ப்யூட்டர் வைத்துப் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்து கொடுக்கிறாள். சித்திரை, வைகாசியில்தான் அவளுக்கு ஆர்டர் குவியும். அதே சித்திரை, வைகாசியில்தான் அந்த மாடி அறை தோசைக்கல்லாகக் காயும். ஏசி போடாமல் அங்கே மனுஷரும் உட்கார முடியாது, கம்ப்யூட்டரும் ஓடாது.

ஆக, இரண்டு மாசத்துக்குத் தொள்ளாயிரத்து நாற்பது யூனிட். ஐந்நூறைத் தாண்டினால் ரேட் எப்படி எகிறும் என்று தமிழ்நாட்டில் மீட்டர் வைத்திருக்கும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம் என்று போனில் வந்த மெசேஜை அய்யாதுரை மூன்று முறை மனசுக்குள் படித்தார். நாலாவது முறை சத்தமாகப் படித்தார், மாடிக்குக் கேட்கும்படி.

அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பகலில் நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜை அணைத்தார்; மாவு பொங்கி வழிந்து தட்டெல்லாம் நாறியது. சாமி அறையில் எரிந்த சின்ன பல்பைக் கழற்றினார். டிவி ஓடாத நேரத்தில் கேபிள் டப்பாவில் எரியும் சிவப்புப் பொட்டைக்கூட அவரால் சகிக்க முடியவில்லை. கடைசியாக ஏசி ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னார். சாவி செல்லக்கனியின் இடுப்பில். பதினொரு மணிக்கு மருமகள் இறங்கி வந்து கேட்க வேண்டும்; நாலு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சொந்தமாகச் சம்பாதிக்கிற பெண், தன் அறைக்குக் காற்று வேண்டும் என்று மாமியார் முன்னால் வந்து நிற்கிறாள். இது செல்லக்கனிக்குத் தப்பாகத் தெரியவில்லை. வீடு என்றால் சாவி யாரிடமாவது இருக்கத்தானே வேண்டும்?

இந்த நேரம் பார்த்துத்தான் வயர்மேன் பெத்தணன் யோசனை சொன்னார். மாடிக்குப் போக வெளிப் படிக்கட்டு இருக்கிறது. மாடிக்கென்று தனியாக ஒரு மீட்டர் வாங்கிவிட்டால், அதற்கும் முதல் நூறு யூனிட் இலவசம், இரண்டு மீட்டருமே ஐந்நூறுக்குள் அடங்கிவிடும், பில் பாதியாகிவிடும் என்றார். ஒரே ஒரு சிக்கல்.

“மாடில தனிக் குடும்பம் இருக்கணும் அண்ணாச்சி. தனி அடுப்பு, தனிச் சமையல். ஆபீஸ்லருந்து வந்து கண்ணால பாப்பாக. ஒருநா மட்டும் அடுப்ப வச்சுக் காட்டிருங்க, சோலி முடிஞ்சுது.”

அய்யாதுரை உடனே சரி என்றார். செல்லக்கனிதான் முடியவே முடியாது என்றாள்.

அவளுக்கு நகை மேல் அத்தனை ஆசை கிடையாது, பட்டு மேலும் கிடையாது. இருக்கிற ஒரே பெருமை அவள் வீட்டு உலை. அந்தத் தெருவில் மகனுக்குக் கல்யாணம் செய்த வீடெல்லாம் இரண்டு வருஷத்தில் இரண்டாகிவிட்டது. கீழே ஓர் அடுப்பு, மேலே ஓர் அடுப்பு. செல்லக்கனி வீட்டில் மட்டும் நாலு வருஷமாக ஒரே உலை, ஒரே குழம்பு. கல்யாண வீடுகளில் யாராவது விசாரித்தால், எங்க வீட்ல நாலு பேரும் ஒரே பானைச் சோறுதான் என்று சொல்லிவிட்டு ஒரு சுற்றுப் பார்ப்பாள். அந்தப் பேச்சை இழக்க அவள் தயாராக இல்லை. பொய்க்குக்கூட.

சும்மா காட்டத்தானே என்று அய்யாதுரை மூன்று நாள் மன்றாடினார். அக்கம்பக்கத்தில் மூச்சு விடக்கூடாது, எவனாவது ஆபீஸில் போட்டுக் கொடுத்துவிடுவான் என்று மிரட்டியும் வைத்தார். கடைசியில் செல்லக்கனி இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. புது அடுப்பு என்றால் பால் காய்ச்சாமல் பற்றவைக்க விடமாட்டாள்.

“சும்மாக் காட்டுற அடுப்புக்கு என்னத்துக்குப் பாலு?” என்றார் அய்யாதுரை.

“அது சும்மாங்கிறது நமக்குத் தெரியும். அடுப்புக்குத் தெரியுமா?”

அப்படித்தான் ஆபீஸிலிருந்து பார்க்க வருவதாகச் சொன்ன இந்த வெள்ளிக்கிழமை விடிந்தது.

செல்லக்கனிக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. அது அவள் குணம், அதுவே அன்றைக்கு அவளுக்கு எமன். ஆறு மணிக்கெல்லாம் மாடியில் பக்கத்து அறையைக் கழுவி, கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றியாகிவிட்டது. பழைய இரட்டை அடுப்பைத் துலக்கிக் குங்குமம் வைத்தாள். புதுப் பானையில் மஞ்சள் கிழங்கு கட்டிப் பாலை ஊற்றினாள். கீர்த்திகா குளித்துவிட்டு வந்து தீக்குச்சியைக் கிழித்தாள். மணிகண்டராஜ் சிவகாசிக்குக் கிளம்பும் அவசரத்தில் எட்டிப் பார்த்து, ஒரு மீட்டருக்கு இம்புட்டு அலங்காரமா என்று சிரித்துவிட்டுப் போனான். லோடு அனுப்பிவிட்டு மதியம் வருவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தான்.

பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அவ்வளவுதான், செல்லக்கனியின் நாக்கு தானாகவே புரண்டு கணீரென்று ஒரு குலவை போட்டது.

போட்ட பிறகுதான் வாயைப் பொத்தினாள். முப்பத்தைந்து வருஷமாகப் பொங்கல் பானை முன்னால் நின்று பழகிய வாய். மாரியம்மன் கோயில் பொங்கலில் அவள் குலவைக்கென்றே திரும்பிப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட குலவை, காற்றில்லாத வைகாசிக் காலையில், மொட்டை மாடிகளுக்கு மேலே எத்தனை தூரம் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாண்டிமீனா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், மருமகளின் ஈரத் தலையைப் பார்த்தாள்.

“மதினி, மணியத் தனியா வச்சாச்சாக்கும்?”

கரண்ட் ஆபீஸுக்காக என்று சொல்லக்கூடாது என்பது வீட்டுக்காரரின் உத்தரவு. வேறு என்ன சொல்வது? செல்லக்கனி தலையை ஆட்டினாள்.

எட்டு மணிக்குப் போன் வர ஆரம்பித்தது. முதலில் மல்லாங்கிணற்று அத்தான் வீடு. பிறகு பஜாரிலிருந்து இரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். மருமகளுக்கும் உனக்கும் ஆகவில்லையா? ஒற்றைப் பிள்ளையை எதற்குத் தனியாக வைத்தாய்? பேச்சில் பரிதாபம் இருந்தது, அடியில் கொஞ்சம் திருப்தியும் இருந்தது. நாலு வருஷமாக ஒரே பானைச் சோறு என்று யாரிடமெல்லாம் சொன்னாளோ, அவர்கள்தான் முந்திக்கொண்டு கூப்பிட்டார்கள்.

ஒவ்வொருவருக்கும் மழுப்பிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது கீர்த்திகா இறங்கி வந்து நின்றாள். ரிமோட்டுக்காகத்தான். சிவகாசிக் கம்பெனி ஒன்றுக்குப் பன்னிரண்டு மணிக்குள் ஆறு லேபிள் போக வேண்டும், அதனால் இன்றைக்கு நேரத்தோடேயே வந்துவிட்டாள். செல்லக்கனி போனைக் காதில் வைத்தபடியே, இரு என்று கையைக் காட்டினாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. இன்னொரு போன் வந்தது. கீர்த்திகா வியர்வையைத் துடைத்துக்கொண்டு பேசாமல் திரும்பி மேலே போய்விட்டாள். அவள் போனதைச் செல்லக்கனி கவனிக்கவே இல்லை.

பதினொரு மணிக்கு வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து வேலுத்தாய் இறங்கினார். கீர்த்திகாவின் அம்மா. சாத்தூர் வரைக்கும் பாண்டிமீனாவின் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

கல்யாணத்தின்போதே ஒரு பேச்சு இருந்தது. பெண்ணைத் தனியாக வைக்கும் அன்றைக்குப் பாத்திரம் பண்டமெல்லாம் தாய்வீட்டுச் சீராக வரும் என்று. தனியாக வைக்கப் போவதே இல்லை என்ற தைரியத்தில் செல்லக்கனியும் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சம்மதித்திருந்தாள். வேலுத்தாய் அதை நம்பி நாலு வருஷமாகக் கட்டிலுக்கடியில் சேர்த்து வைத்திருக்கிறார். குத்துப்போணி, இட்லிக் கொப்பரை, எவர்சில்வர் டப்பாக்கள், இரண்டு மூட்டை அரிசி, பருப்பு, புளி, ஒரு மிக்ஸி, ஒரு கிரைண்டர். போதாததற்கு வரும் வழியில் பஜாரில் நிறுத்தி ஒரு ஃப்ரிட்ஜையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

மண்டியிலிருந்து வந்த அய்யாதுரை, தன் வீட்டுப் படியில் இரண்டு ஆள் ஒரு ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தார். யூனிட்டைக் குறைக்கப் போட்ட திட்டத்தில் வீட்டுக்குள் ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு கிரைண்டரும் ஒரு மிக்ஸியும் கூடுதலாக வந்திருக்கின்றன.

“இது எத்தன ஸ்டார்?” என்று மட்டும் கேட்டார்.

“அதெல்லாம் பாக்கலண்ணே. பெருசாப் பாத்து வாங்கிட்டேன்” என்றார் வேலுத்தாய்.

மேலே அம்மாவும் மகளும் தனியாக இருந்தபோது கீர்த்திகா உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தாள். அம்மா, இது சும்மா, மீட்டருக்காக, எல்லாவற்றையும் திருப்பி ஏற்று என்று சொல்ல வாயைத் திறந்தாள். வேலுத்தாய் அப்போது உப்பு ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத எங்கன வைக்கட்டும்? மேல்தட்டா, கீழ்தட்டா? நீயே சொல்லு.”

கீர்த்திகா அலமாரியைப் பார்த்தாள். நாலு வருஷமாக இந்த வீட்டில் உப்பு எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. குழம்பில் புளி எவ்வளவு என்று கேட்டதில்லை. காப்பி எத்தனை மணிக்கு என்று கேட்டதில்லை. யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை; கேட்கவில்லை, அவ்வளவுதான். கீழ்த்தட்டு என்று கையைக் காட்டினாள். பிறகு புளி, பிறகு பருப்பு டப்பா. அப்படியே அரை மணி நேரம் ஓடிவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை.

சாத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போக வேண்டும் என்று பன்னிரண்டு மணிக்கு வேலுத்தாய் கிளம்பினார். கிளம்பும்போது செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு, என் பிள்ளைக்கு நல்லது செஞ்சீக மதினி என்று கண் கலங்கினார். செல்லக்கனிக்கு அந்தக் கையை உதறிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. உதறவில்லை. குங்குமம் கொடுத்து அனுப்பினாள்.

ஆபீஸிலிருந்து அருணாதேவி என்ற அம்மா பன்னிரண்டரைக்கு ஸ்கூட்டரில் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியேறினார். அவர் வருவதற்குள் எதையாவது அடுப்பில் ஏற்றி வை என்று அய்யாதுரை மருமகளிடம் சொல்லியிருந்தார். ஓர் அடுப்பில் குக்கர் இருந்தது, இன்னொன்றில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அருணாதேவி டப்பாக்களைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார். சந்தேகப்பட ஏதுமில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார், அதுவும் செல்லக்கனியிடம்.

“நீங்க மாமியாரா? சமையல், சாப்பாடு எல்லாம் தனித்தனியாத்தானா?”

ஆமா என்று ஒரு சொல். காலையில் பாண்டிமீனாவுக்கு ஆட்டிய தலையை இன்னொரு தடவை ஆட்டினால் முடிந்தது. அய்யாதுரை தொண்டையைச் செருமினார். செல்லக்கனியால் முடியவில்லை. காலையிலிருந்து பதினைந்து பேரிடம் மழுப்பியாயிற்று, சீர் வாங்கியாயிற்று, இனி ஒரு பொய் தாங்காது. இல்லை மேடம், எங்கள் வீட்டில் ஒரே உலைதான் என்று சொல்லத்தான் அவள் உதட்டைப் பிரித்தாள்.

“தனித்தனியாத்தான் மேடம்” என்றாள் கீர்த்திகா. “அவுக சமையல் கீழ. எங்க சமையல் மேல.”

தடுமாறாமல் சொன்னாள். மாமியாரைப் பார்க்காமல் சொன்னாள். மருமகளின் சாமர்த்தியத்தை அய்யாதுரை மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

அருணாதேவி குறித்துக்கொண்டார். போகும்போது ஒரு விஷயம் சொன்னார். மனுவோடு கொடுத்த நகல்படி மகன், மருமகள் பெயர் இன்னும் அப்பாவின் ரேஷன் கார்டிலேயே இருக்கிறது. நீக்கிவிட்டு அவர்களுக்குத் தனிக் கார்டு வாங்கிக் கொண்டு வந்தால் மீட்டருக்கு எழுதிவிடுவேன் என்றார். வாசல்வரை போய் வழியனுப்பிய அய்யாதுரை அப்படியே தெருமுனைக் கடைக்குப் போய், பெயர் நீக்குவதற்கான பாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். திரும்பியபோது அவர் முகத்தில் பில் வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரிப்பு இருந்தது.

இரண்டு மணி. செல்லக்கனி சாம்பாரை இறக்கிவிட்டு, வழக்கம் போல மாடியைப் பார்த்துச் சாப்பிடக் கூப்பிட்டாள். கீர்த்திகா பாதிப் படி வரை இறங்கி வந்து நின்றாள்.

“எனக்கு எடுத்து வைக்காதீக அத்தை. மாடில வச்சுட்டேன்.”

அடுப்பில் கொதித்தது வெறும் தண்ணீர் என்றுதான் செல்லக்கனி நினைத்திருந்தாள்.

“எம்புட்டு வச்ச?”

“ரெண்டு பேருக்கு.”

“அந்தம்மா போயிட்டாகளே கீர்த்தி.”

“தெரியும் அத்தை.” கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நாலு வருசத்துல இன்னைக்குத்தான் உப்பு எம்புட்டுன்னு நானாப் பாத்துப் போட்டேன். நல்லா இருந்துச்சு அத்தை. ஒங்க மேல கோவமெல்லாம் இல்ல.”

கோபம் என்றிருந்தால் செல்லக்கனி சமாளித்திருப்பாள். கோபத்துக்குப் பதில் சொல்ல அவளுக்கு நன்றாகத் தெரியும். கீர்த்திகா மேலே போய்விட்டாள்.

செல்லக்கனி கூடத்துக்கு வந்தாள். அய்யாதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாரத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். நீக்கப்பட வேண்டிய உறுப்பினர் என்ற இடத்தில் மணிகண்டராஜ் என்று எழுதியாகிவிட்டது. அவர் கையெழுத்து அழகு, ஒவ்வோர் எழுத்தும் மணிமணியாக இருந்தது.

“கையெழுத்தும் போடப் போறீகளா?”

“இது வெறும் காயிதம்ளா. ரெண்டு மாசத்துக்கு மூவாயிரம் மிச்சம். பெறகு வேணும்னா சேத்துக்குவோம்.”

“பால் பொங்கியாச்சு. சீர் வந்து எறங்கியாச்சு. மருமக வாயால சொல்லியாச்சு, மேல ஒலையும் வச்சாச்சு. இன்னும் எதுங்க சும்மா?”

அய்யாதுரை பேனாவை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. பில்லைக் குறைக்க வழி தேடியதைத் தவிர அவர் வேறு எந்தப் பாவமும் செய்யவில்லை, பாவம். அவரைத் திட்டவும் செல்லக்கனிக்கு வாய் வரவில்லை. ரிமோட்டைப் பூட்டச் சொன்னது அவர்தான், ஆனால் சாவி யார் இடுப்பில் இருந்தது? காலையில் வந்து நின்ற பெண்ணை, இரு என்று கையைக் காட்டி நிற்க வைத்தது யார்? அது இப்போதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

அடுக்களையில் நாலு பேருக்கான சோறு ஆறிக்கொண்டிருந்தது.

இரண்டரைக்கு மணிகண்டராஜின் பைக் சத்தம் கேட்டது. லோடு ஏற்ற நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தான். பசி முகத்தில் தெரிந்தது. பின்கட்டில் கையைக் கழுவிவிட்டு, எப்போதும் உட்காரும் இடத்தில் தரையில் உட்கார்ந்து தட்டை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டான்.

செல்லக்கனி கரண்டியை எடுக்கவில்லை.

“இங்கன இல்லய்யா. ஒனக்கு மாடில.”

அவன் சிரித்தான். “அந்த மேடம் போயாச்சுன்னு அப்பா போன்ல சொன்னாரேம்மா?”

“போயாச்சு.”

“பெறகு யாருக்காக நடிக்கணும்?”

“நடிச்சது நானும் ஒங்கப்பாவுந்தான்யா.”

அவன் சிரிப்பு நின்றது. ஏன் என்று கேட்பான், என்ன நடந்தது என்று கேட்பான், மாடியைப் பார்த்து ஒரு சத்தமாவது போடுவான் என்று செல்லக்கனி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிகண்டராஜ் ஒன்றும் கேட்கவில்லை. ஈரக் கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு எழுந்து, தெரிந்த செய்தியைக் கேட்டவன் மாதிரி மெல்லப் படியேறிப் போனான்.